ஒருக்கா கவுன்சிலிங் போனன், அவ ஒண்டுமே சொல்லேல்ல. திரும்பப் போறதா விடுறதா?

உவர்மலைப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை டவுன், 34 வயசு, ரெண்டு பிள்ளைகள். எங்கட அம்மா போன தை மாசம் மோசம் போயிட்டா. சுகர் கூடி ஒரு கால் எடுத்தவங்க, அதுக்குப் பிறகு ஆறு மாசம் நான்தான் பார்த்தது. எட்டாம் நாள் செலவும் முடிஞ்சு, கன்னியாவுல 31ம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் செஞ்சு, வந்த சனம் எல்லாம் போனாப் பிறகுதான் எனக்குத் தொடங்கினது. விடிய 3 மணிக்கு முழிப்பு வந்தா பிறகு நித்திரை இல்ல, உலைக்கு அரிசி கழுவப் போனா கழுவினபடியே நிண்டுடுறன், பிள்ளைகளோட சும்மா சும்மா கத்துறன், இப்பிடியே எட்டு மாசமாச்சு. இவர் கோயிலுக்குப் போ சரியாகும் எண்டு சொல்றார். வெள்ளிக்கிழமையில காளி கோயிலுக்குப் போறனான்தான், அங்க நிக்கும்வரைக்கும் மனசு ஆறும், வீட்டு வாசல்ல செருப்பக் கழட்ட திரும்ப வந்துடும்.

தங்கச்சிட ஆக்கினையில ஒரு இடத்துக்கு உளவளத்துணைக்குப் போனன். முக்கால் மணித்தியாலம் நான் அழுதன், அவ கேட்டுக்கொண்டு இருந்தா, ஒரு புத்திமதி கூட சொல்லேல்ல, அடுத்த கிழமை வாங்கோ எண்டா. இதுதானா கவுன்சிலிங்? இல்லாட்டி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகோணுமா? அங்க போய் தெரிஞ்சவங்க கண்டா "அவளுக்கு விசர்" எண்டு கதை வரும், அந்தப் பயமும் இருக்கு.

உப்புவெளி அக்கா:
தங்கச்சி, நான் சுனாமிக்குப் பிறகு 2005ல இருந்து கன வருசம் இந்தக் கவுன்சிலிங் வேலை செஞ்சனான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன்.

அவ புத்திமதி சொல்லாம இருந்தது தெரியாமத்தான் எண்டு நினைக்காதீங்க. கார்ல் ரொஜர்ஸ் எண்டு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1940கள், 50கள்ல கொண்டுவந்த முறை அது. வந்த ஆளைக் குறை பிடிக்காம ஏற்றுக்கொண்டு, அவரிட இடத்துல இருந்து விளங்கி, நடிக்காமக் கேட்டா அவருக்குள்ளயே வழி திறக்கும் எண்டதுதான் அதின்ட அடி. உங்கட வீட்டுல எல்லாரும் புத்திமதி சொல்லிட்டாங்க, ஒருத்தரும் அழ விடேல்ல, அதால முதல் நாள் அழுதது வீண் இல்ல. ஆனா எல்லாருக்கும் அது மட்டும் காணாது, அதையும் ஒத்துக்கொள்றன். இன்னொரு வழி இருக்கு, ஆரன் பெக் 1960கள்ல தொடங்கினது, சிபிடி எண்டு சொல்லுவாங்க, நினைப்பையும் நடத்தையையும் மாத்திப் பழக்கிற முறை. அதுல வீட்டு வேலை தருவாங்க, கொப்பி வைக்கச் சொல்லுவாங்க. இப்ப உங்களுக்கு "நான் நேரத்தோட கொண்டு போயிருந்தா கால் தப்பியிருக்கும்" எண்டு ஒரு நினைப்பு ஓடும் எண்டு நினைக்கிறன், பிழை எண்டா மன்னிச்சுக்கொள்ளுங்க. அந்த நினைப்ப எழுதி, அது எவ்வளவுக்கு உண்மை எண்டு ரெண்டு பேருமா இருந்து பார்க்கிறது. வழமையா 6ல இருந்து 20 சந்திப்பு வரைக்கும் போகும். அவவிட்டயே நேரா கேளுங்கோ, "அக்கா எனக்கு என்ன செய்யிறது எண்டும் காட்டித் தாங்கோ" எண்டு. கேட்டதுக்குக் கோவிக்கிற ஆள் எண்டா ஆளை மாத்தலாம்.

ஆஸ்பத்திரி விசயம். அம்மாவுக்காக அழுறது நோய் இல்ல, அது அலை மாதிரி வரும் போகும். ஆனா ரெண்டு கிழமைக்கு மேல நாள் முழுக்க மனசு விழுந்து, நித்திரை சாப்பாடு வேலை எல்லாம் குழம்பினா டொக்டரிட்டக் காட்டோணும். நீங்க எட்டு மாசம் எண்டுறீங்க, விடிய 3 மணிக்கு முழிப்பு எண்டுறீங்க, அதால நான் காட்டச் சொல்லுவன். மருந்து தேவையா எண்டு பார்க்கிறது மனநல வைத்தியர், உளவளத்துணையாளர் மருந்து எழுத மாட்டா. தைரொயிட் ரத்தச் சோதனையும் கேளுங்கோ, அது குறைஞ்சாலும் இப்பிடித்தான் சோர்வு வரும். "நானும் அம்மாவோட போயிருக்கலாம்" எண்டு ஒரு நினைப்பு வந்தா மட்டும் அடுத்த கிழமை வரைக்கும் வச்சிருக்காதீங்க. 1926க்கு எடுங்கோ, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின்ட இலக்கம், காசில்ல, இரவு பகல் எடுக்கலாம். இல்லாட்டி நேரா ஆஸ்பத்திரி.

சம்பூரான்:
பிள்ளை, பிழையா எடுக்காத, நாங்க 2006ல சண்டைக்குள்ள உடுத்த துணியோட சம்பூரால வெளிக்கிட்டு முகாம் முகாமா கிடந்தனாங்க. அப்ப எங்களுக்கு ஒருத்தரும் கவுன்சிலிங் தரேல்ல, ஆளுக்கு ஆள் கதைச்சுத்தான் தேறினம். நாலு சொந்தத்தோட இரு, தனிய இருக்காத. அதுதான் மருந்து எண்டு நான் நம்புறன்.

உப்புவெளி அக்கா:
அண்ணா, ஆளுக்கு ஆள் கதைச்சதெண்டு சொன்னீங்களே, முகாமில நான் கண்டதும் அதுதான், அது பெரிய பலம். ஆனா அதே முகாமில ஒருத்தரோடயும் கதைக்காமக் குடிச்சுக் குடிச்சு முடிஞ்ச ஆம்பிளைகளையும் கண்டனான், அவங்களுக்கும் சொந்தம் இருந்தது. இந்தப் பிள்ளைக்கு எல்லாரும் பக்கத்துலதான், அப்பிடியும் 3 மணிக்கு முழிச்சுத் தனியத்தானே இருக்குது.

சம்பூரான்:
அது உண்மைதான். என்ட தம்பியும் அப்பிடித்தான் போனவன். போ பிள்ளை, போய்க் காட்டு.

கிண்ணியா வாப்பா:
அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி, 2021ல எங்கட குறிஞ்சாக்கேணியில படகு கவிழ்ந்து பிள்ளைகள் மௌத்தானது ஞாபகம் இருக்கும். என்ட மகன் அதுல போகல்ல, ஆனா அதுக்குப் பிறகு தண்ணியக் கண்டா நடுங்குவான், பாலத்தால பஸ் போனாலும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு என்ட கையப் பிடிப்பான். ஓதிப் பார்த்தம், நாள் போகச் சரிவரும் எண்டு இருந்தம், ஒரு வருசம் போயிட்டு. பிறகு ஒரு டொக்டர் மூலமா உளவளத்துணைக்குப் போனம். அங்க அவனக் கதைக்க வச்சதை விட, படிப்படியாப் பழக்கினதுதான் கூட. முதல்ல படகுப் படம் பார்க்கிறது, பிறகு தூர நிண்டு ஆத்தைப் பார்க்கிறது, பிறகு கரையில நிக்கிறது, பயம் தணியும்வரைக்கும் அடுத்ததுக்கு விட மாட்டாங்க. இப்ப கால் நனைக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். அந்த ஒரு வருசம் சும்மா இருந்ததுதான் எனக்கு இப்பவும் மனவருத்தம். சனம் கதைக்கும்தான், என்னையும் கதைச்சாங்க. கிளினிக் வரிசையில நானும் பக்கத்து வளவு ஆளும் ஒருத்தர ஒருத்தர் கண்டு, ரெண்டு பேருமே ஒண்டும் வெளிய சொல்லல்ல.

லிங்கநகர் தம்பி:
அக்கா, ஒண்டு மட்டும். மருந்து தந்தா ரெண்டு மூண்டு நாள்ல பார்த்துட்டு வேலை செய்யேல்ல எண்டு விட்டுடாதீங்க. எனக்கு வித்தியாசம் தெரிய கிட்டத்தட்ட ஒரு மாசம் போனது. சுகம் எண்டு நானா நிப்பாட்டிப் போட்டுத் தலை சுத்திக் கிடந்ததும் இருக்கு, டொக்டரிட்டக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கோணும்.

உவர்மலைப்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. உப்புவெளி அக்கா, கால் பற்றி நீங்க சொன்னது சரிதான், அதை நான் இவரிட்டயும் சொன்னதில்ல, வாசிச்சுட்டு குசினியில இருந்து அழுதன். நேற்று இவரிட்டச் சொன்னன், ஒண்டும் கதைக்கேல்ல, பிறகு கிளினிக்குக்கு நானும் வாறன் எண்டார். புதன்கிழமை அங்க, வெள்ளி பழைய அக்காவிட்டத் திரும்ப. அவவிட்டக் கேட்கிறதக் கொப்பியில எழுதி வச்சிருக்கிறன், முதலாவது அம்மாட கால்.