சமயச் சார்புள்ள பள்ளியில் மகளைச் சேர்ப்பது பற்றி

கேள்வி (திருநெல்வேலி டவுன்):
மகளை வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். இறைவழிபாடும் ஒழுக்கமும் செய்யுளும் இலக்கணமும் ஒருசேரக் கற்பிக்கும் தனியார் பள்ளியையே விரும்புகிறோம். ஆனால், பாளையங்கோட்டையில் நல்ல பெயருடைய பழைய பள்ளிகள் பலவும் கிறித்தவ நிறுவனங்களுடையவை. நாங்களோ நெல்லையப்பரை வணங்கும் குடும்பம். எதைக் கொண்டு முடிவு செய்வது?

மறுமொழி (வண்ணார்பேட்டை):
அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவின்படி, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியிலும் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமய போதனையில் பங்கேற்கக் கட்டாயப்படுத்த இயலாது. எனினும், அந்தப் பாடவேளையில் பங்கேற்காத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கட்டணம் பாரமானால் இன்னொன்று: கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்கள், 2014-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, கிறித்தவப் பள்ளிகள் போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தா.

மறுமொழி (பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார்; கிறித்தவப் பள்ளி என்பதாலேயே அங்கே தமிழ் தளர்ந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் கட்டுரை நோட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒற்றுப்பிழை சிவப்பு மையில் திருத்தப்பட்டிருக்கிறதா, அந்தச் சொல்லைப் பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறதா, மனப்பாடச் செய்யுளுக்குப் பொருள் சொல்லத் தெரிகிறதா என்பவையே எனக்கு முதன்மையானவை. தேவாரத்தை வீட்டில் நீங்களே மாலையில் ஓதுவிக்கலாம். இலக்கணத்துக்குத்தான் நல்ல ஆசிரியர் வேண்டும்.