அவசரம்: கவச வண்டி தார் ரோட்டில் இறுகிப்போகுது

வண்டிப்பித்து:
ஞாயித்துக்கிழமை லண்டன் பக்கம் அணிவகுப்பு இருக்கு. என்னோட ஆறு சக்கர ராணுவக் கவச வண்டி கிளம்பும்போது நல்லா ஓடுது, கொஞ்ச தூரத்துல பிரேக் போட்ட மாதிரி இழுக்குது, ஸ்டியரிங்கும் இறுகிடுது. ராத்திரி நிறுத்தி வெச்சாலும் அப்படியேதான் இருக்கு. என்ன பண்றது?

கிரீஸ்கை:
எந்த வண்டி? டயர் ஆறும் ஒரே செட்டா? ஹப் (சக்கரத்தோட நடுப்பகுதி) சூடாகுதா, எந்தச் சக்கரம்?

தகரடப்பா:
பிரேக்தான், சந்தேகமே வேணாம். பிரேக் ஷூவைத் தள்ளற வீல் சிலிண்டர் துருப்பிடிச்சு ஷூ திரும்பல. ஆறையும் கழட்டுங்க.

வண்டிப்பித்து:
ஆல்விஸ் சரசென், எஃப்வி603, வீரர்களை ஏத்திட்டுப் போற பழைய பிரிட்டிஷ் வண்டி. பின்னாடி ரெண்டு டயர் மட்டும் புதுசு போட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன?

பழையபோல்ட்:
அதுதான் எல்லாமே. மேனுவலைத் திறந்து பாக்கற பழக்கம் இங்க யாருக்கும் இல்ல போல. சரசென்ல டிஃபரன்ஷியல், அதாவது சக்கரங்களை வேற வேற வேகத்துல சுத்த விடற கியர், ஒண்ணே ஒண்ணு, அதுவும் இடது வலதுன்னு பிரிக்க மட்டும். ஒரு பக்கத்து மூணு சக்கரமும் பெவல் பாக்ஸ் (சுழற்சியைச் சக்கரத்துப் பக்கம் திருப்பிவிடற பல்சக்கரப் பெட்டி) வழியா ஒண்ணோட ஒண்ணு பூட்டியிருக்கு, ஒரே வேகத்துலதான் சுத்தும். டயர் சுற்றளவுல 1 செ.மீ. வித்தியாசம்னா கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 3 மீட்டர் ஒத்துப்போகாது. மண்ணுல டயர் சறுக்கித் தீர்த்துக்கும். தார்ல வழியில்லாம ஷாஃப்ட்ல முறுக்கா ஏறும். அப்படியே ஓட்டினா பெவல் பாக்ஸும் ட்ராக்டா ஜாயின்டும் (ஷாஃப்ட்ல மடங்கற இணைப்பு) போயிடும்.

கிரீஸ்கை:
முக்கியம்: இப்போதைக்கு ஜாக்கி போடாதீங்க, நட்டுல கை வெக்காதீங்க. முறுக்கு ஏறின சக்கரம் தரையை விட்டதும் பட்டுன்னு சுத்தும். முதல்ல புல்தரையில கொஞ்சம் ஓட்டுங்க. இல்லேன்னா தடிமனான மரக்கட்டை போட்டு ஒரு பக்கத்து மூணு சக்கரத்தையும் ஒவ்வொண்ணா ஏத்தி இறக்குங்க, அப்புறம் மறுபக்கம். பிறகு ஆறுலயும் ஒரே அளவு காத்து அடிச்சு, டேப்பைச் சுத்தி அளங்க. முறுக்கு போன பிறகும் ஒரு ஹப் மட்டும் சுட்டா, அப்ப பிரேக்கைப் பாருங்க.

தகரடப்பா:
இந்தத் தலைவலியே வேணாம்னுதான் சோவியத் கவச வண்டி பி.டி.ஆர்.-60 வாங்கணும்கறேன். ரெண்டு எஞ்சின், ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு இழுக்கும்.

பழையபோல்ட்:
ரெண்டு எஞ்சின், ரெண்டு கிளட்ச், ரெண்டு கியர்பாக்ஸ். ரெண்டையும் ஒத்து ஓட வைக்கறதுக்கு ஆறு டயரை அளக்கறது சுலபம். அதுல வீரர்கள் மேல் மூடி வழியா ஏறி இறங்கணும், சுடறவனுக்கு வசதி. சரசென்ல பின்னாடி ரெண்டு கதவு.

தகரடப்பா:
எட்டு சக்கரம், தண்ணியில மிதக்கும். உங்க சரசென் மிதக்குமா?

கிரீஸ்கை:
அவர் அணிவகுப்புக்குப் போறார், ஆத்தைக் கடக்க இல்ல.

வண்டிப்பித்து:
கட்டை மேல ஏத்தினேன். நடுச் சக்கரம் இறங்கும்போது டங்குன்னு ஒரு சத்தம், இப்ப லேசா உருளுது. பின் டயர் 4 செ.மீ. பெருசு. பழசையே மாட்டறேன். நன்றி.

தகரடப்பா:
பிரேக்கைப் பாத்தீங்களா இல்லையா?