பாய்ப்படகு மண்ணெண்ணெய் அடுப்பு மஞ்சளாய் எரியுது, உதவி தேவை

பொல்கொட ஏரியில கட்டியிருக்கிற எங்கட பாய்ப்படகில பழைய இரட்டை பேர்னர் பம்ப் அடுப்பு, பிரைமஸ் வகை. காஸ் வைக்க மனமில்லை. கசிஞ்சால் காற்றைவிடப் பாரம், படகின்ர அடியில போய்த் தேங்கிவிடும்.

போன மாதத்திலயிருந்து இடப்பக்க பேர்னர் மட்டும் பிரச்சினை. ஸ்பிரிட் ஊத்திச் சூடாக்கினால் நீலமாய்த்தான் பிடிக்குது. கொஞ்ச நேரத்தில மஞ்சளாகித் துடிக்கும், கேத்தல் அடி முழுக்கக் கரி. வலப்பக்கம் அதே தாங்கியில நல்லாய் எரியுது, அதால பம்பில பிழை இருக்காது. எண்டாலும் தோல் வாஷர் மாத்தினன். ஆவி பீச்சுற சின்னத் துளையுள்ள நிப்பிளை ஊசியால குத்தி, பிறகு புதுசும் போட்டன். எண்ணெயையும் வடிச்சாச்சு. எண்ணெய் ஆவியாகிற குழாய்க்குள்ள கரி அடைச்சிருக்கெண்டு நினைக்கிறன். புறக்கோட்டையில கேட்டால் பெற்றோமக்ஸ் விளக்குச் சாமானைத்தான் காட்டுகினம்.

கொழும்பில இந்தக் குழாயைக் கழட்டிக் கரி எடுத்துத் தரக்கூடிய ஆள் ஆரையும் தெரியுமோ?