எச்.ஓ. மாடல் ரயில் பாதை: எதிர்ப்பக்கம் இன்ஜின் தளர்கிறது, ஜல்லிக்குக் கடல்மணல் ஆகுமா?

குளச்சல்காரன்:
அரையாண்டு லீவில் 8க்கு 4 அடி பலகையில் 1:87 அளவு ஓவல் பாதை முடிந்தது. கன்ட்ரோலருக்கு எதிர்ப்பக்கம் இன்ஜின் வேகம் குறைகிறது. ஜல்லிக்கு மணவாளக்குறிச்சி மணல் போடலாமா?

நாகர்கோவில் ஜங்ஷன்:
அந்த மணல் வேண்டவே வேண்டாம் மக்கா. அந்தக் கருமணலில் உள்ள இல்மனைட் என்ற இரும்புத் தாதுவை மோட்டாரின் காந்தம் இழுக்கும். அப்படியே பல்சக்கரத்தில் ஏறி அரைத்துவிடும். அதில் உள்ள மோனசைட் தாதுவில் கதிர்வீச்சுள்ள தோரியம் வேறு இருக்கு. எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, கழுவிக் காயவைத்து, மேலே காந்தம் ஓட்டி எடு. அதை ஒட்ட பெவிகாலும் தண்ணீரும் சம பங்கு, பாத்திரம் கழுவும் சோப்பு 2 சொட்டு. சோப்பு விடாவிட்டால் பசை முத்துமுத்தாக நின்று மணலைக் கிளப்பும். தடம் மாற்றும் பாயிண்டின் நாக்கில் ஒரு துளிகூட இறங்கக் கூடாது, அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

மார்த்தாண்டம் லைன்:
ஜல்லிக்கு முன்னால் கரன்ட்டைப் பாருங்க அண்ணே. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடு கடற்காற்றில் கறுத்து மின்தடை கூடும், அதான் வேகம் குறையுது. ஓடும்போது இரண்டு பக்கமும் மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்தால் தெரிந்துவிடும். கன்ட்ரோலரிலிருந்து பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வயர் ஒரு ஜோடி சுற்றி, அதிலிருந்து 3 அடிக்கு ஒரு ஜோடி மெல்லிய வயர் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சால்டர் பண்ணுங்க. தண்டவாளத்தைச் சுத்தம் பண்ண உப்புத்தாள் தேய்க்காதீங்க, கீறலில் அழுக்கு சேரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.