கேலரிப் படி பெயர்ந்து அம்மாவுக்குக் கால் முறிவு: இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி

வணக்கம். போன மாதம் அம்மாவை ஓர் இசை நிகழ்ச்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். டிக்கெட் வாங்கித்தான் போனோம். மைதானத்தில் இரும்புக் குழாய் நிறுத்திப் பலகை போட்டுக் கட்டிய தற்காலிக கேலரி. இடைவேளையில் அம்மா கீழே இறங்கும்போது ஒரு படியின் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. விழுந்ததில் கணுக்கால் முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். அம்மா தையல் வேலை செய்பவர், மிதி மெஷின். எப்போது மறுபடி உட்கார முடியும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

நிகழ்ச்சி நடத்தியவர்களின் ஆள் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரி பில்லை அவர்களே கட்டிவிடுவார்களாம், அம்மா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அதில் 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி இருக்கிறது. டிக்கெட்டின் பின்பக்கத்தில் 'காயம், இழப்பு எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பதையும் காட்டிவிட்டுப் போனார்.

வருவதை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். அம்மாவோ, "நான்தான் பார்த்து இறங்கியிருக்கணும்" என்று தன்னையே நொந்துகொள்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நாங்கள் இதற்கு மேல் கேட்பது நியாயமா? கேட்டால் கிடைக்குமா?

பதில் 1

சகோதரி, இப்போது கையெழுத்து வேண்டாம். நான் காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 'இறுதியான தீர்வு' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து விழுந்துவிட்டால் ஃபைலை மூடிவிடுவோம். நாளை பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வந்தாலும், மூட்டு இறுகி மெஷினை மிதிக்க முடியாமல் போனாலும், மறுபடி கேட்பது மிகவும் கடினம். கணுக்கால் முறிவில் கடைசி நிலைமை தெரியவே மாதங்கள் ஆகும். அதற்கு முன்னால் தொகை பேசுவதே அம்மாவுக்கு அநியாயம்.

ஆனால் ஆதாரம் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கட்டடத்தில் விழுந்திருந்தால் அந்தப் படி அங்கேயே இருக்கும், போய்ப் பார்க்கலாம். நிகழ்ச்சி மேடையையும் கேலரியையும் அன்று இரவே பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். மறுநாள் போய் நின்றால் வெறும் மைதானம். அதனால் உங்கள் போனில், கூட வந்தவர்கள் போனில் இருக்கும் படம், வீடியோ எல்லாவற்றையும் அழியாமல் எடுத்து வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், தூக்கிவிட்டவர்கள் யாரையாவது தெரிந்தால் அவர்கள் பார்த்ததை எழுதிக் கேளுங்கள். அம்மா அன்று போட்டிருந்த செருப்பையும் தூக்கிப்போடாதீர்கள். 'வழுக்குகிற செருப்பு' என்ற வாதம் வழக்கமாக வரும்.

அடுத்தது, முதலில் பார்த்த ஆஸ்பத்திரியின் குறிப்பு. எப்படி அடிபட்டது என்று அதில் ஒரு வரி இருக்கும். 'படிப் பலகை பெயர்ந்து விழுந்தார்' என்பதற்கும் 'கால் தவறி விழுந்தார்' என்பதற்கும் கிளெய்ம் மேஜையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

அப்புறம் இன்றைக்கே நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கு எழுத்து மூலமாக ஒரு கடிதம் அனுப்புங்கள். அன்றைய சிசிடிவி பதிவு, விபத்துப் பதிவேடு, முதலுதவிக் குழுவின் குறிப்பு, கேலரி கட்டியவருடன் போட்ட ஒப்பந்தம், கேலரியைச் சோதித்த சான்றிதழ் எதையும் அழிக்கக் கூடாது என்று கேளுங்கள். சிசிடிவியில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருக்கும், அதனால் அது ரொம்ப அவசரம். பொதுமக்களுக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பெரிய நிகழ்ச்சி என்றால் மைதானத்தை வாடகைக்கு விடுபவர்களே பல சமயம் அதை வற்புறுத்துவார்கள்.

யார் பொறுப்பு என்று நீங்கள் கண்டுபிடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நடத்தியவர், மைதானத்துக்காரர், கேலரி கட்டியவர் என எல்லாருக்கும் நோட்டீஸ் போகட்டும். ஒருவர் மற்றவரைக் கைகாட்டத்தான் செய்வார்கள். பங்கைப் பிரித்துச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. 1997இல் டெல்லி உபகார் திரையரங்கத் தீயில் 59 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் திரையரங்கத்தாருக்கு 85 சதவீதம், மின்வாரியத்துக்கு 15 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது.

டிக்கெட்டின் பின்பக்கத்து வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படியும், நுகர்வோருக்கு இப்போது அதற்குப் பதிலாக உள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டப்படியும், தொழில் நடத்துகிறவரின் கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் இப்படி ஒரு அறிவிப்பு போட்டுத் தப்பவே முடியாது. எல்லா நாட்டிலும் அவ்வளவு கறாராக இல்லை. அப்படியிருந்தும், காசு கொடுத்த பிறகு கையில் வந்த சீட்டின் பொடி எழுத்து கேலரிப் பலகையைச் சரியாக இறுக்காததற்கு மன்னிப்பு ஆகிவிடும் என்று எந்த வக்கீலும் உறுதியாகச் சொல்ல மாட்டார்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: படியில் கால் வைக்கிற ஒவ்வொருவரும் பலகையைச் சோதித்துவிட்டு இறங்க முடியாது. அது கட்டியவர்களின் வேலை.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். நிகழ்ச்சியில் அடிபட்டாலே நஷ்டஈடு உண்டு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. லண்டனில் ஹாரிங்கே அரங்கில் ஐஸ் ஹாக்கி பார்க்கப் போன ஆறு வயதுச் சிறுவனின் கண்ணில், அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு பட்டுவிட்டது. 1951இல் வழக்கு தோற்றது. அந்த ஆட்டத்திலேயே இருக்கிற ஆபத்து அது என்றது நீதிமன்றம். படிக்கும்போதே மனது கஷ்டப்படும் தீர்ப்பு. உங்கள் விஷயம் அப்படியில்லை. படி பெயர்வது இசை நிகழ்ச்சியோடு சேர்ந்து வருகிற ஆபத்து கிடையாது.

மைதானம் அரசாங்கத்துடையதா, தனியாருடையதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காலக்கெடு அதைப் பொறுத்து மாறலாம். இங்கிலாந்தில் உடற்காயத்துக்குப் பொதுவாக 3 ஆண்டு. கலிபோர்னியாவில் 2 ஆண்டு, ஆனால் அரசு அமைப்பு என்றால் 6 மாதத்துக்குள் முதலில் அவர்களிடமே மனு கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டு. தொகைக்கும் உச்சவரம்பு இருக்கலாம். 2011இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தபோது, மாநில அரசின் பொறுப்பு மொத்தமே 50 லட்சம் டாலர்தான் என்று சட்டத்தில் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது போதாது என்று பிறகு தனியாக இன்னும் 60 லட்சம் ஒதுக்கினார்கள்.

பதில் 3

எனக்கு ஒரு கொண்டாட்டத்தில் தடுப்பு சரிந்து தோள்பட்டை போனது. அனுபவத்தில் சொல்கிறேன்: ஆஸ்பத்திரி பில் என்பது மொத்தக் கணக்கில் ஒரு பகுதிதான். அம்மாவின் தையல் வருமானத்துக்குக் கணக்கு நோட்டு, ஆர்டர் சீட்டு, வங்கியில் வந்த பணம் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்களுக்கு 'வருமானத்துக்கு என்ன ஆதாரம்' என்றுதான் முதலில் கேட்பார்கள். வழக்கமாகத் துணி கொடுப்பவர்கள் எழுதிக் கொடுத்தாலும் உதவும். பிசியோதெரபிக்குப் போன ஆட்டோ, டாக்ஸி செலவு, வீட்டு வேலைக்கு வைத்த ஆள், நீங்கள் எடுத்த சம்பளமில்லா விடுப்பு, எல்லாமே கேட்கலாம். வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் கேட்கலாம். தூக்கம் வராத ராத்திரி, குளிக்க ஆள் தேவைப்பட்ட நாள் எல்லாவற்றையும் அம்மாவை அவர் வார்த்தையிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பில்லுக்கு இப்போதே பணம் தேவையென்றால் வழி இருக்கிறது. 'மருத்துவச் செலவுக்கான முன்பணம், இறுதித் தீர்வு அல்ல' என்று அவர்களே எழுதிக் கொடுக்கட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். மனமிருந்தால் எழுதிக் கொடுப்பார்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஆஸ்பத்திரிக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். 'நிகழ்ச்சியில் தவறி விழுந்தார்' என்றுதான் இருக்கிறது. பலகையைப் பற்றி எதுவும் இல்லை. வயிற்றைக் கலக்குகிறது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பெயர்ந்த பலகையைப் படம் எடுத்திருந்தார், அது கிடைத்துவிட்டது.

பதில் 1

படம் கிடைத்தது பெரிய விஷயம். அதை அவர் போனிலேயே அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் சுருக்காமல் முழு ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த தேதியும் நேரமும் அதில்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரிக் குறிப்பை அடிக்கவோ மாற்றவோ கேட்காதீர்கள், அது சந்தேகத்தைக் கிளப்பும். விழுந்த விதத்தை அம்மா ஒரு கடிதமாக எழுதி, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அடுத்த முறை காட்டப் போகும்போது கொடுக்கட்டும். நோயாளி சொன்னதாக, கடிதம் கொடுக்கும் நாளின் தேதியிட்டுக் கூடுதல் குறிப்பாகச் சேர்க்கும்படி கேளுங்கள். அவசரப் பிரிவில் வலியில் துடிப்பவரிடம் ஒரு வரி கேட்டு எழுதிய குறிப்பு அது. வக்கீலுக்கும் இது தெரியும், கிளெய்ம் பார்ப்பவருக்கும் தெரியும். இந்த வாரமே விபத்து வழக்கு பார்க்கிற வக்கீல் ஒருவரைப் போய்ப் பாருங்கள். கட்டணம் எப்படி என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆள் மறுபடி வந்தால், "வக்கீல் பார்த்த பிறகு சொல்கிறோம்" என்ற ஒரு பதில் போதும்.