ஜவ்வரிசி கற்றுக்கொடுத்த பாடம்: வகுப்பறை அனுபவங்கள்

சேலத்தில் ஒரு கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்கு, இணையத்தில் கிடைக்கும் தகவலை எடைபோட்டுப் பார்ப்பது எப்படி என்று சில ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். எழுதியவர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, எழுத்துப்பிழை மலிந்திருக்கிறதா, இணைய முகவரி எதில் முடிகிறது என்று கேட்கும் ஒரு பட்டியலைத்தான் தொடக்கத்தில் கொடுத்து வந்தேன். அந்தப் பட்டியலில் இருந்த ஓட்டையை எனக்குக் காட்டியது நம்மூர் ஜவ்வரிசி.

சேலத்திலிருந்து கோவை செல்லும் சாலையில் சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளைப் பார்த்ததாகவும், அங்கே கிழங்கைத் திறந்த குழிகளில் மாதக்கணக்கில் அழுகவிட்டு, விழுந்து கிடக்கும் புழுக்களோடு சேர்த்து மாவாக்குவதாகவும், ஆகவே ஜவ்வரிசி சைவமே அல்ல என்றும் கூறும் ஒரு செய்தி நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது. அதை வகுப்பில் கொடுத்து, பட்டியலின்படி மதிப்பிடச் சொன்னேன். நேரில் கண்டவர் எழுதியது, இடம் குறிப்பிடப்பட்டுள்ளது, நடையும் தெளிவாக உள்ளது என்று பலரும் தாராளமாக மதிப்பெண் போட்டுவிட்டார்கள். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவன் மட்டும் எழுந்தான்.

“நாற்றம் அடிப்பது உண்மைதான் சார். ஆனால் அது வெளியேறும் கழிவுநீரின் நாற்றம். பிடுங்கிய குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். அதை மாதக்கணக்கில் யார் போட்டுவைப்பார்கள்?” என்று கேட்டுவிட்டு, தோல் சீவிக் கழுவுவது, அரைத்துப் பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவது, படிந்த மாவைக் குலுக்கி உருட்டி வறுப்பது, களத்தில் காயவைப்பது என்று வரிசையாகச் சொல்லி முடித்தான். அவனுடைய மாமா ஆலை வைத்திருக்கிறார்.

இணையத் தகவலை மதிப்பிடுவது பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வை அதன் பிறகுதான் கவனமாகப் படித்தேன். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் அதில் பங்கேற்றார்கள். அறிஞர்களிலும் மாணவர்களிலும் பலர் கொடுத்த இணையப் பக்கத்தையே மேலும் கீழும் துருவி, முத்திரையையும் முகவரியையும் நம்பி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அதைவிட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று அடுத்த டேப்பில் தேடினார்கள். ஆத்தூர் மாணவனுக்கு அந்த அடுத்த டேப், மாமாவின் ஆலை.

இப்போது பக்கத்தை முழுதாகப் படிக்கவே விடுவதில்லை. இரண்டு நிமிடத்தில் வெளியேறித் தேடச் சொல்கிறேன். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கதையைப் பத்துத் தளங்கள் வரி பிசகாமல் நகலெடுத்திருக்க, மாணவர்கள் அதைப் பத்துச் சாட்சிகளாக எண்ணிவிடுகிறார்கள். ஆகவே, வித்தியாசமான ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடி, கிடைப்பவற்றுள் பழைய தேதி எது என்று பார்க்கவும் பழக்குகிறேன்.

---

வணக்கம் சார். உங்கள் ஜவ்வரிசிக் கட்டுரையைப் படித்தேன். நான் ஒரு கல்லூரி நூலகர்; என் அனுபவத்தில் ஏமாந்தது மாணவர்கள் அல்லர், நானேதான். தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்ததாகச் சொல்லப்படும் வண்ணமயமான இந்தியப் படத்தை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். ஏற்காட்டிலிருந்து வரும் முதலாமாண்டு மாணவி ஒருத்தி, “தீபாவளி இரவில் மலைமேல் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பார்த்தால் சேலமே புகைக்குள் மங்கித் தெரியும் மேடம், மேலேயிருந்து மட்டும் எப்படி இவ்வளவு பளிச்சென்று தெரியும்?” என்று கேட்டாள். இருவரும் அமர்ந்து படத்தைக் கொண்டே தேடினோம். அது அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ் என்ற அறிவியலாளர், மக்கள்தொகைப் பெருக்கத்தைக் காட்ட 2003இல் உருவாக்கிய தொகுப்புப் படம் என்று நாசாவே 2012இல் விளக்கியிருந்தது. 1992க்கு முன்பே தெரிந்த விளக்குகள் வெள்ளை. 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளில் புதிதாகத் தெரிந்தவை முறையே நீலம், பச்சை, சிவப்பு.

படத்தை நான் கழற்றவில்லை. தலைப்பை அடித்துவிட்டு, நிறங்களுக்கான விளக்கத்தை அந்த மாணவியின் கையெழுத்திலேயே கீழே ஒட்டிவைத்திருக்கிறேன்.