நகம் வெட்டும்போது மாமா கேட்ட கேள்வி

மூத்த மருமகள்:
நேரா விஷயத்துக்கு வர்றேன். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம். எங்க கல்யாணத்துக்கு அவர் வரலை, அது தனிக்கதை. போன வாரம் கால் நகம் வெட்டிக்கிட்டிருந்தேன். பெருவிரல் நகம் வெந்நீர்ல ஊறவெச்சும் கல்லு மாதிரி இருந்துச்சு. திடீர்னு கேட்டார்: "என் மேல இன்னும் கோபம்தானேம்மா?" "ஆமா மாமா"ன்னுட்டேன். அவர் ஒண்ணும் பேசல. நல்லா இருக்கற காலை அவரே நீட்டினார். ஒரு துளி பாசம் வராம செய்யறதை இயேசு அன்புன்னு ஏத்துப்பாரா?

கூடத்து விளக்கு:
மன்னிக்கணும் சகோதரி, எனக்கு அப்படித் தோணல. நான் ஆஸ்பத்திரியில கிடந்த பதினோரு நாளும் என் கணவர் மருந்து தவறவிடல, பணம் கட்டினார், டாக்டரைப் பார்த்தார். ஒரு தடவைகூட என் பக்கத்துல உட்காரல. கட்டிலோரம் நாற்காலி காலியாவே கிடந்துச்சு. உண்டானதையெல்லாம் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாட்டி பிரயோஜனமில்லைன்னு 1 கொரிந்தியர் 13:3 சொல்லுது. செய்கை மட்டும் போதும்னா பவுல் ஏன் அதை எழுதணும்?

கிரேக்கம் படிப்பவன்:
அக்கா, அடுத்த வசனத்தையும் பாருங்க. நீடிய சாந்தம், தயவுன்னு நாம குணமா வாசிக்கறது கிரேக்க மூலத்துல வினைச்சொல். அன்பு பொறுத்துக்கொள்கிறது, தயவு செய்கிறது. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு சந்தோஷமாவா போனார்? இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும்னு பிதாகிட்ட கேட்டுட்டு, 'உம்முடைய சித்தத்தின்படியே'ன்னு போனார். இன்னொண்ணு: கிரேக்கத்துல அன்புக்கு இருக்கற சொற்கள்ல அகாப்பேன்னா தெய்வீக அன்பு, ஃபிலியோன்னா வெறும் பாசம்னு யோவான் 21-ஐ வெச்சுச் சொல்றதை அப்படியே நம்பாதீங்க. பிதா குமாரனை நேசிக்கிறதுக்கு யோவான் 3:35-ல அகாப்பேயோட வினைச்சொல், 5:20-ல ஃபிலியோ. மருமகள் சகோதரிக்கு: மாமா பேரைச் சொல்லி தினமும் ஜெபம் பண்ணுங்க, வேலையைக் கணவரோட பங்கு போட்டுக்குங்க, வாரத்துல ஒரு நாள் கட்டாயம் ஓய்வெடுங்க. எங்கப்பாவோட நான் பேசாத ஆறு வருஷம் உண்டு. அதை இன்னொரு நாள் சொல்றேன்.

தங்கைக்காக:
வினைச்சொல் சரி தம்பி. ஆனா அதே அதிகாரத்துல இருக்கற 'சகலத்தையும் தாங்கும்'னு சொல்லித்தான் என் தங்கச்சியை அடிக்கிற புருஷன்கிட்டயே திருப்பி அனுப்பினாங்க. நல்ல வெயில்ல முழுக்கை சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கிட்டு வண்டியில ஏறினா. அதுக்கு முந்தின வசனத்துல 'அநியாயத்தில் சந்தோஷப்படாமல்'னு இருக்கே, அதை அன்னிக்கு ஒருத்தரும் வாசிக்கல. கல்யாண உடன்படிக்கை ரெண்டு பேரும் கொடுக்கற வாக்கு. இப்ப அவ தனியா இருக்கா, அவன் மனந்திரும்பணும்னு ஜெபிக்கிறா. அதுவும் அன்புதான்.

மூத்த மருமகள்:
உங்க தங்கச்சி நிலைமை வேற, எனக்கு அப்படி இல்லை. அந்தக் காலி நாற்காலிதான் ராத்திரி முழுக்க உறுத்துச்சு. நானும் வேலை முடிஞ்சதும் எழுந்து போயிடறவதான். நேத்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கோபம் அப்படியே இருக்கு. ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமில்ல. அப்புறம் அவரே, "உங்க கல்யாண ஃபோட்டோ இருக்கா?"ன்னார். பீரோவுல தேடி எடுத்துட்டு வந்தேன்.